காலியான குடலில் குடியேறுவது யார்? – வாசகர் கேள்வி-பதில்

குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கடிதங்களுள், ஒரே பொருளை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக இங்கே தந்திருக்கிறேன். எல்லாவற்றையும் படித்து முடித்தபோது, கிருமி என்றாலே அழிக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது தெரிந்தது. குடல் தொற்றைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். நோய்க்கிருமியை அழிப்பது எவ்வளவு முக்கியமோ, அது மறுபடியும் வந்து அமர இடமில்லாமல் செய்வதும் அவ்வளவு முக்கியம். அந்த இரண்டாவது வேலையை மருந்து செய்வதில்லை. நம்முடன் வாழும் நுண்ணுயிர்களே செய்கின்றன.

கேள்வி: மனித உடலில் நம் சொந்த உயிரணுக்களைவிடப் பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகம் என்று படித்தேன். அது உண்மையா? அத்தனை கிருமிகள் உள்ளே இருந்துகொண்டு என்னதான் செய்கின்றன? – கல்லூரி மாணவி ஒருவர்

அந்தக் கணக்கு நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது, இப்போது திருத்தப்பட்டுவிட்டது. 1972-இல் தாமஸ் லக்கி என்ற நுண்ணுயிரியலாளர் போட்ட தோராயமான மதிப்பீட்டிலிருந்து அது பரவியது. பெருங்குடலில் மட்டுமே காணப்படும் நெருக்கத்தை உணவுப்பாதை முழுவதற்கும் பொருத்திப் பெருக்கியதால் எண்ணிக்கை கூடிப்போயிற்று. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மைலோவும் அவருடைய குழுவினரும் மீண்டும் கணக்கிட்டபோது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் 30 லட்சம் கோடி மனித உயிரணுக்களும் இருப்பதாக விடை கிடைத்தது. அந்தப் பாக்டீரியாக்கள் அனைத்தையும் திரட்டி எடை போட்டால் 200 கிராம் அளவுக்குத்தான் வரும்.

அவற்றின் வேலைகளுள் செரிமானமே பலருக்கும் தெரிந்தது. நாம் உண்ணும் நார்ச்சத்தை நம் நொதிகளால் உடைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு உணவாகிறது. அந்த உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து பெறுவதில்லை, இந்தப் பாக்டீரியாக்களின் உழைப்பிலிருந்தே பெறுகின்றன. வைட்டமின் கே, சில பி வைட்டமின்கள் ஆகியவற்றையும் அவை உண்டாக்குகின்றன. எதைத் தாக்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே நம் எதிர்ப்பாற்றலுக்குப் பழக்குகின்றன.

ஆனால் இந்தப் பகுதியின் மற்றப் பதில்களுக்கெல்லாம் அடிப்படையாக அமையும் வேலை வேறொன்று. பயிர் நெருக்கமாக நிற்கும் வயலில் களை எளிதில் தலையெடுப்பதில்லை அல்லவா? குடலிலும் அப்படியே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி போன்ஹாஃப், பிலிப் மில்லர் ஆகிய இருவரும் 1950-களிலும் 60-களிலும் எலிகளைக் கொண்டு இதைக் காட்டினார்கள். நலமான எலிகளுக்குச் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியின் தொற்றை உண்டாக்கச் சுமார் 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு முறை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்த பிறகு, பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன. கிருமி மாறவில்லை, எலியும் மாறவில்லை. இடையில் நின்ற காவல்தான் போய்விட்டது.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது. நிமோனியாவுக்காகப் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். வீடு திரும்பிய ஒரே வாரத்தில், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பேதியாயிற்று. பரிசோதித்ததில் சி. டிஃபிசில் என்ற கிருமி என்றார்கள். மாத்திரை சாப்பிடும்வரை நிற்கிறது. முடித்த இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறது. இது மூன்றாவது முறை. இப்போது மருத்துவர், வேறொருவரின் மலத்தைக் குடலில் செலுத்தும் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறார். அம்மா அருவருப்பில் அழுகிறார். அசுத்தம் எப்படி மருந்தாகும்? – மகள் ஒருவர்

உங்கள் அம்மாவின் அருவருப்பை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். மலத்தை விலக்கி வைக்கக் கற்றதுதான் மனித குலத்தைப் பல கொள்ளைநோய்களிலிருந்து காத்தது. அந்த உணர்ச்சி நமக்குள் காரணத்தோடுதான் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு நேர்ந்திருப்பது என்ன என்று விளங்கிவிட்டால், மருத்துவர் சொல்வதில் உள்ள நியாயமும் விளங்கும் என்று நம்புகிறேன்.

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற இந்தக் கிருமியை 1935-இல் முதன்முதலாகக் கண்டெடுத்தது நோயாளிகளிடமிருந்து அல்ல, நலமாக இருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான். ஆய்வகத்தில் வளர்ப்பதற்குக் கடினமாக இருந்ததால் ‘டிஃபிசில்’ என்ற பெயரை அது பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1970-களில், கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைப் பெற்றவர்களுக்குப் பெருங்குடலில் கடுமையான அழற்சி வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதற்குக் காரணம் இதே கிருமி என்பது 1978-இல் உறுதியாயிற்று. இது வெளியிடும் இரண்டு நச்சுகள் குடலின் உட்சுவரைச் சிதைக்கின்றன. பேதி, வயிற்றுவலி, காய்ச்சல் எல்லாம் அதன் விளைவே.

இது ஏன் மற்ற நேரங்களில் அடங்கிக் கிடக்கிறது, ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் ஏன் வெறிகொண்டு வளர்கிறது என்பதற்குப் பித்தநீரில் அழகான ஒரு விளக்கம் இருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்த அமிலங்கள் இந்தக் கிருமியின் வித்துகளை, அதாவது உறைக்குள் உறங்கும் வடிவத்தை, முளைக்கத் தூண்டுகின்றன. நலமான பெருங்குடலில் வேறு சில பாக்டீரியாக்கள் அந்த அமிலங்களை வேதியியல் முறையில் மாற்றி, இதே கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளாக ஆக்கிவிடுகின்றன. அப்படிக் காவல் காப்பவற்றுள் ஒன்றான கிளாஸ்ட்ரிடியம் சின்டென்ஸ், டிஃபிசிலுக்குத் தூரத்து உறவு என்பது குறிப்பிடத்தக்கது. நிமோனியாவுக்குக் கொடுத்த மருந்து உங்கள் அம்மாவின் உயிரைக் காத்திருக்கலாம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது நுரையீரலோடு நிற்காமல் குடலில் இருந்த காவலர்களையும் அப்புறப்படுத்திவிட்டது.

இப்போது நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். சி. டிஃபிசிலுக்கு எதிராகக் கொடுக்கப்படும் வான்கோமைசின், வளர்ந்து நிற்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் தடித்த உறைக்குள் உறங்கும் வித்துகளை அதனால் தொட முடியாது. அதோடு, அதுவும் ஓர் ஆன்டிபயாட்டிக் ஆகையால், திரும்பி வரத் தொடங்கிய நல்ல நுண்ணுயிர்களையும் அது வளரவிடுவதில்லை. மருந்து முடியும் நாளில் குடல் ஏறத்தாழ வெற்று நிலமாக இருக்கிறது. வித்துகளோ மண்ணுக்குள் காத்திருக்கின்றன. முதல் முறை குணமானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. ஒரு முறை திரும்பியவருக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு அதைவிட வெகுவாகக் கூடிவிடுகிறது. உங்கள் அம்மா சிக்கியிருப்பது இந்தச் சுழலில்தான்.

இதிலிருந்து வெளியேற, இன்னும் வலிய மருந்தைத் தேடுவதைக் காட்டிலும் நிலத்தில் மீண்டும் பயிர் வைப்பதே வழி. நலமான ஒருவரின் மலத்தில் இருப்பது பெரும்பாலும் உயிருள்ள, ஒன்றோடொன்று சேர்ந்து வாழப் பழகிய நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்களின் கூட்டம். அதை முழுக் கூட்டமாகவே கொண்டுபோய்க் குடியமர்த்துவதுதான் மல மாற்று சிகிச்சை. எண்ணம் புதியதன்று: 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற சீன மருத்துவர், கடும் பேதிக்கு மலக்கரைசலைக் கொடுத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இக்கால மருத்துவத்தில், 1958-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய உடனுழைப்பாளர்களும், உயிருக்குப் போராடிய நான்கு நோயாளிகளை இப்படிக் குணப்படுத்தியதாக எழுதினார்கள். சி. டிஃபிசில்தான் அந்த நோய்க்குக் காரணம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

ஆனால் நான் இதை நம்புவது அந்தப் பழைய கதைகளுக்காக அல்ல, 2013-இல் நெதர்லாந்தில் நடந்த சோதனைக்காக. மீண்டும் மீண்டும் நோய் வந்தவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர் குணமானார்கள். வான்கோமைசினோடு குடலைக் கழுவியும் விட்ட 13 பேரில் 3 பேர் குணமானார்கள். மல மாற்று சிகிச்சை பெற்ற 16 பேரிலோ, முதல் முறையிலேயே 13 பேரும், மறுமுறை செய்தபின் மேலும் இருவரும் குணமானார்கள். வேறுபாடு அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், மற்றவர்களுக்கு அந்தச் சிகிச்சையை மறுப்பது முறையன்று என்று சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நடுவில் வரும் அந்த மூன்று பேர் கணக்கை நான் மறப்பதில்லை: குடலைச் சுத்தமாகக் கழுவுவது நோயைத் தீர்க்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தச் சிகிச்சை இன்னும் செம்மைப்பட்டிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நோய் திரும்புவதைத் தடுப்பதற்காக, ஆசனவாய் வழியாகச் செலுத்தும் ரெபயோட்டா என்ற மருந்தை 2022 நவம்பரிலும், வாய்வழி விழுங்கும் வவ்ஸ்ட் என்ற காப்ஸ்யூலை 2023 ஏப்ரலிலும் ஏற்றுக்கொண்டது. காப்ஸ்யூலில் இருப்பது கொடையாளரின் மலத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தப்பட்ட பாக்டீரியா வித்துகள் மட்டுமே. அதன் சோதனையில் எட்டு வாரங்களுக்குள் நோய் திரும்பியது, காப்ஸ்யூல் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கு. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 40 விழுக்காட்டினருக்கு. உங்கள் மருத்துவமனையில் இவை இல்லாமல் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாகச் செய்வதாக இருந்தாலும், அம்மா மயக்க மருந்தின் துணையோடு உறங்கிக்கொண்டிருப்பார். எதையும் அவர் பார்க்கவோ முகரவோ வேண்டியதில்லை. இதை அவரிடம் தனியாக, நிதானமாகச் சொல்லுங்கள். அருவருப்பில் பாதி, அது எப்படி நடக்கும் என்று தெரியாத அச்சமாகவே பல நேரங்களில் இருக்கிறது.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில. இந்தக் கிருமியைத் தாக்கி மற்றவற்றை ஓரளவு விட்டுவைக்கும் ஃபிடாக்சோமைசின் அம்மாவுக்குப் பொருந்துமா? வேறு காரணத்துக்காக அவர் சாப்பிடும் ஆன்டிபயாட்டிக் ஏதேனும் இருந்தால் அது இன்னும் தேவையா? வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் எடுக்கிறார் என்றால், அதற்கு இப்போதும் காரணம் இருக்கிறதா? வீட்டில் அம்மாவைக் கவனிப்பவர்கள் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும்; சாராயம் கலந்த கைத்திரவம் இந்த வித்துகளைக் கொல்லாது. பேதி நின்ற பிறகு, கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதற்காக மறுபடி மலப் பரிசோதனை செய்ய வேண்டாம். குணமானவர்களுக்கும் அது பல வாரங்கள் கிருமி இருப்பதாகவே காட்டி, தேவையில்லாத மருந்துக்கு வழிவகுக்கும்.

கேள்வி: நலமான உறவினர் ஒருவர் இருந்தால், இதை வீட்டிலேயே எனிமாவாகச் செய்துகொள்ளலாம் என்று காணொளி ஒன்றில் பார்த்தேன். எனக்கு நீண்டகாலமாக வயிற்று உப்புசம் இருக்கிறது. முயன்று பார்க்கலாமா?

வேண்டாம். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பார்ப்பதற்கு நலமாக இருப்பவரின் குடலிலும், அவருக்கு எந்தத் தொல்லையும் தராமல், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வாழக்கூடும். 2019-இல் அமெரிக்காவில், ஆய்வுச் சிகிச்சைக்காக ஒரே கொடையாளரிடமிருந்து மலம் பெற்ற, எதிர்ப்பாற்றல் குறைந்த இரண்டு நோயாளிகளுக்கு, பல மருந்துகளை எதிர்க்கும் இ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று ஏற்பட்டது; ஒருவர் இறந்துபோனார். அந்தக் கொடையில் அத்தகைய கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்திருக்கவில்லை. மருத்துவமனையிலேயே அப்படி நேர்ந்தது என்றால் வீட்டில் யார் சோதிப்பது? இன்று முறையாகச் செய்யுமிடங்களில் கொடையாளரின் இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் முதலியவற்றையும், மலத்தில் ஒட்டுண்ணிகளையும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களையும் தேடிப் பார்த்த பிறகே ஏற்கிறார்கள். முன்வருபவர்களில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மேலும், இந்தச் சிகிச்சையின் பயன் உறுதியாகியிருப்பது திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசில் நோய்க்குத்தான். உப்புசத்துக்கு முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகனுக்குத் தண்ணீராகப் பேதி, லேசான காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் சிரப்பும் பேதியை நிறுத்தும் மருந்தும் கொடுத்தார்கள். கொடுக்கலாமா? – தந்தை ஒருவர்

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மகன் எழுந்து விளையாடத் தொடங்கியிருப்பான் என்று நம்புகிறேன். ஆகவே அடுத்த முறைக்கும், இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிறு குழந்தைகளுக்கு வரும் தண்ணீர்ப் பேதிக்குப் பெரும்பாலும் ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்களே காரணம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. முதல் பதிலில் சொன்ன காவலைத்தான் குலைக்கும். பேதியோடு போராடும் குடலிலிருந்து காவலர்களையும் விரட்டுவது எவ்வகையில் உதவி? ஆன்டிபயாட்டிக்கே பேதியை உண்டாக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. குடலின் அசைவை நிறுத்தும் மருந்தைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கிருமியையும் நச்சையும் உள்ளேயே அடைத்து வைப்பதோடு, குடல் செயலிழந்து வீங்கும் ஆபத்தும் அதில் உண்டு.

குழந்தையைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும். துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதில் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்கள் வரை கொடுக்க வேண்டும். பேதி நின்றுவிட்டது என்று இடையில் விட்டுவிடாதீர்கள். அடுத்து வரக்கூடிய பேதியையும் அது குறைக்கிறது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொல்லும்போது, குடல் நுண்ணுயிர்கள் பேதியிலும் நமக்கு உதவுகின்றன என்று காட்டிய ஓர் ஆய்வைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சாதாரண ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள சர்க்கரையும் உப்பும் சிறுகுடலில் இணைந்து உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்கின்றன. அதனால் உயிர் பிழைக்கிறது. ஆனால் பேதியின் அளவு குறைவதில்லை, பெற்றோர்கள் அதனால்தான் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும், சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மாவுப்பொருளை அந்தக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது பெருங்குடல் வரை போய், அங்கிருந்த பாக்டீரியாக்களால் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றப்பட்டது. அந்த அமிலங்கள் பெருங்குடலை உப்பையும் நீரையும் உறிஞ்சவைத்தன. பேதியின் அளவும் குறைந்தது, நாள்களும் குறைந்தன. 2000-இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, பேதியுள்ள குழந்தையின் பெருங்குடலில் மிஞ்சியிருக்கும் நுண்ணுயிர்களை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் பேதியும் உண்டு. மலத்தில் இரத்தமும் சளியும் காய்ச்சலும் சேர்ந்த சீதபேதி, கடுமையான காலரா, மிகச் சிறிய அல்லது எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்கு வரும் சில தொற்றுகள் ஆகியவற்றில் மருத்துவர் தயங்காமல் கொடுப்பார். அதிலும் ஒரு சிக்கல்: இரத்தப்பேதியை உண்டாக்கும் சில வகை இ. கோலை கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடலாம். ஆகவே இந்த முடிவு மருந்துக் கடையில் எடுக்கப்படக் கூடாது. குழந்தை சோர்ந்து கண்விழிக்காமல் இருந்தாலோ, கண்கள் குழிவிழுந்திருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, குடிப்பதையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எப்போது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் கூடவே ஒரு புரோபயாட்டிக் காப்ஸ்யூலும் எடுத்துக்கொள்கிறேன். அழிந்த நல்ல கிருமிகளை அது ஈடுகட்டிவிடும் அல்லவா?

ஈடுகட்டாது. உயிருள்ள நல்ல கிருமிகளைக் கொண்ட புரோபயாட்டிக் என்பதை ஒரே மருந்தாக எண்ணிவிடுகிறோம். அது ‘மாத்திரை’ என்பதைப் போன்ற பொதுச்சொல். எந்த நோய்க்கு, எந்த வகைக் கிருமி, அதிலும் எந்த உள்வகை என்று கேட்டால்தான் விடை சொல்ல முடியும். ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மானிய மருத்துவர், முதல் உலகப் போரின்போது உடனிருந்தவர்களெல்லாம் பேதியால் வாட, தனக்கு மட்டும் நோய் வராத ஒரு படைவீரரின் மலத்திலிருந்து 1917-இல் ஓர் இ. கோலை வகையைப் பிரித்தெடுத்தார். அது இன்றும் மருந்தாக விற்கப்படுகிறது. அதே இ. கோலை இனத்தின் வேறு உள்வகைதான் இரத்தப்பேதியை உண்டாக்குகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

சில புரோபயாட்டிக்குகள், ஆன்டிபயாட்டிக் உண்ணும்போது வரும் பேதியைக் குழந்தைகளிடம் ஓரளவு தடுக்கின்றன, அது பயனே. ஆனால் பழைய நுண்ணுயிர்த் தொகுதியை மீட்டுத் தருவது வேறு. 2018-இல் வைஸ்மான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஒரு வார ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் சிலருக்கு எதுவும் கொடுக்காமல் விட்டார்கள். சிலருக்குப் பல வகை கலந்த புரோபயாட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு, மருந்துக்கு முன் சேமித்து வைத்திருந்த அவர்களுடைய மலத்தையே திரும்பச் செலுத்தினார்கள். தம்முடையதைத் திரும்பப் பெற்றவர்கள் விரைவில் பழைய நிலைக்கு வந்தார்கள். புரோபயாட்டிக் பெற்றவர்களோ, எதுவும் பெறாதவர்களைக் காட்டிலும் தாமதமாகவே மீண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஓரிரு வகைகள் காலியிடத்தைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்களைத் திரும்பவிடாமல் செய்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நீங்கள் வழக்கமாக்கிக்கொண்டதை மறுபரிசீலனை செய்ய அது போதும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து, 2017-இல் வெளிவந்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகையையும் அதற்கு உணவாகும் சர்க்கரைச் சங்கிலியையும் ஏழு நாள் கொடுத்ததில், இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்த அளவு 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. சரியான வகையை, சரியான வயதில், அதற்குரிய உணவோடு கொடுத்தால் இவ்வளவு பெரிய நன்மை விளைய முடியும். அதற்கு மாறாக, குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மைய இரத்தக்குழாயில் குழல் பொருத்தியவர்கள் ஆகியோருக்கு இவற்றிலுள்ள உயிர்கள் இரத்தத்தில் புகுந்து தொற்றை உண்டாக்கியதும் உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேள்வி: மகளுக்கு அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்தது. இயல்பாகப் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் நல்ல கிருமிகள் இதற்குக் கிடைக்காது என்கிறார்களே? – பாட்டி ஒருவர்

முதல் சில மாதங்களில் வேறுபாடு இருக்கிறது. பிறகு அது பெரிதும் குறைந்துவிடுகிறது. தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைக் குழந்தையின் மேல் தடவும் வழக்கத்தை, நோய்க்கிருமிகளும் கூடவே போகலாம் என்பதால், மருத்துவ அமைப்புகள் ஆய்வுக்கு வெளியே பரிந்துரைப்பதில்லை. உங்கள் பேரக்குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அம்மா. தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன; அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிஃபிடோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்தான் அவற்றை உண்டு பெருகிக் குழந்தையின் குடலைக் காக்கிறது. குழந்தைக்கு ஊட்டும்போதே குழந்தையின் காவலர்களுக்கும் தாய் சேர்த்து ஊட்டுகிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: மலத்தை அனுப்பினால் எந்தெந்தக் கிருமி எத்தனை விழுக்காடு என்று அறிக்கை தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. செய்து பார்க்கலாமா?

நோயைக் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ அந்த அறிக்கை இப்போதைக்கு உதவாது. நலமான மனிதர்களிடையிலேயே இந்தத் தொகுதி ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகிறது. ‘இதுதான் சரியான அளவு’ என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உருவாகவில்லை. நோய்க்கிருமியைத் தேடும் மருத்துவப் பரிசோதனை வேறு, இது வேறு. அந்தச் செலவுக்குப் பதிலாகப் பல வகைக் காய்கறி, பருப்பு, முழுத்தானியங்களை உணவில் கூட்டுங்கள். நார்ச்சத்து மெல்ல மெல்லக் கூட வேண்டும், ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்.

கேள்வி: எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப்புண்ணும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளோடு 14 நாள் மருந்து எழுதியிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த பிறகு, நல்ல கிருமிகள் அழிந்துவிடுமே என்று அஞ்சி, ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டேன். சரிதானே?

இந்தக் கடிதம் என்னை உறங்கவிடவில்லை. என் எழுத்தை அப்படி எடுத்துக்கொள்ள நேர்ந்தது என்றால், நான் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். உங்களுக்கு அது தேவை. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியைக் கண்டறியும்வரை, வயிற்றுப்புண் மனக்கவலையாலும் அமிலத்தாலும் மட்டுமே வருவதாக மருத்துவ உலகம் நம்பியது. மார்ஷல் 1984-இல் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி புண்ணோடு நிற்பதில்லை. இரைப்பைப் புற்றுநோய்க்கு இது காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே வகைப்படுத்திவிட்டது. இதைக் காவலர்களின் பட்டியலில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

14 நாள் மருந்து உங்கள் பெருங்குடலையும் கலைக்கும்; உண்மைதான். ஆனால் நலமான ஒருவரிடம் அதில் பெரும்பகுதி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மீண்டுவிடும். இடையில் நிறுத்தினாலோ, எஞ்சிய பைலோரி அந்த மருந்துகளை எதிர்க்கப் பழகிவிடும். அடுத்த முறை வேறு மருந்துகளோடு தொடக்கத்திலிருந்து செய்ய நேரும், குடல் நுண்ணுயிர்கள் இரண்டாவது முறையும் அடிபடும். ஆகவே இன்றே உங்கள் மருத்துவரைத் தொடர்புகொண்டு, ஐந்தாம் நாள் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருப்பதை நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள், எந்த மருந்தை எத்தனை நாள் என்று அவர் முடிவு செய்வார். சிகிச்சை முழுமையாக முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு நிறுத்தினால்தான் முடிவை நம்பலாம். மருந்து எடுக்கும் நாள்களிலோ, முடித்த மூன்று மாதங்களுக்குள்ளோ, ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் பேதியானால், மேலே அந்த மகளின் கடிதத்துக்கு எழுதிய பதிலை மனத்தில் வைத்து, உண்ட ஆன்டிபயாட்டிக்குகளின் பெயர்களோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.